பி.பி. நம்பரிலிருந்து க்யூஆர் வரை: பக்கத்து வீட்டு இணைப்பின் கதை

சிந்தாதிரிப்பேட்டையில் வசிக்கும் ஒருவர் தன் வீட்டு வைஃபைக்கு ஊர்ப் பெயரையே தமிழில் வைக்க ஆசைப்பட்டால் முடியாது. ரவுட்டர் ஏற்காது. வைஃபைக்கு வைக்கும் பெயருக்கு விதிப்படி உள்ள இடம் மொத்தமே 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். 'சி' என்றால் ச-வுக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று, ஆக ஆறு. சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒன்பது எழுத்து, 54 பைட். சென்னை 18 பைட், தாராளமாக நுழைந்துவிடும். அடையாறு 21. மயிலாப்பூர் 33 பைட், ஒரே ஒரு பைட்டில் தோற்றுப்போகிறது. மயிலை என்று வைத்துக்கொண்டால் பிழைத்தது.

பெயருக்காவது இவ்வளவு இடம் உண்டு. பாஸ்வேர்டில் தமிழுக்கு இடமே இல்லை. இன்றும் பெரும்பாலான வீடுகளில் ஓடும் டபிள்யூபிஏ-2 முறையில் பாஸ்வேர்ட் என்பது 8 முதல் 63 எழுத்து; அதுவும் ஆங்கில கீபோர்டில் உள்ள 95 குறிகளில் இருந்து மட்டும். அதனால்தான் நம் வீடுகளில் பாஸ்வேர்ட் எழுத்தாகப் பயணிப்பதில்லை, குரலாகப் பயணிக்கிறது.

"ஆன்ட்டி, வைஃபை பாஸ்வேர்ட் என்ன?"

"எஸ் பெரிசு. அப்புறம் எல்லாம் சின்ன எழுத்து. அட் தி ரேட் போடு. அப்புறம் ஒரு கோடு."

"நடுக் கோடா, கீழ்க் கோடா?"

"இருப்பா, அங்கிள் வரட்டும்."

இந்த உரையாடலை ஒழிப்பதற்காக உலகத்தின் பெரிய கம்பெனிகள் இருபது வருஷமாக வேலை செய்திருக்கின்றன. டைப் பண்ணாமல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு வைஃபையைக் கொடுப்பது எப்படி என்பது பார்க்கச் சின்ன விஷயம். தோண்டிப் பார்த்தால் அதற்குள் யாரை நம்புவது, தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்கிற பழைய கேள்விகள் கிடக்கின்றன. இந்தியாவில் அந்தக் கேள்விகளுக்கு ஒரு தேதியே உண்டு. அதற்கு வருகிறேன்.

ஊரைப் பற்றி ரெண்டு வரி. 1734-இல், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து ஓடும் இடத்தில், சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடிவைத்தது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். தறிச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் ஐயா முதலி தெருவிலோ அருணாசல நாயக்கன் தெருவிலோ நடந்தால், வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிக்கொண்டு நிற்பது தெரியும். ஒரு வீட்டு வைஃபை அலைக்கு அந்தச் சுவரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. போனைத் திறந்தால் பக்கத்து வீடு, எதிர் வீடு, மேல் மாடி என்று பெயர்கள் வரிசையாக நிற்கும், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பூட்டு. அலை வீட்டுக்குள் வந்துவிட்டது; அனுமதிதான் வரவில்லை.

இணைப்பைப் பகிர்வது வைஃபையோடு தொடங்கிய பழக்கம் இல்லை. தொலைபேசிக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில், விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருப்பார்கள். டிரங்க் கால் காலத்துச் சொல் அது. குறிப்பிட்ட ஆள் வந்து பேசினால்தான் கால் கணக்கில் சேரும் என்பதற்கு 'பர்ட்டிகுலர் பர்சன்' கால் என்று பெயர். நம்மூரில் அது பொருள் மாறி, 'இது என் போன் இல்லை, பக்கத்து வீட்டு போன், கூப்பிட்டால் கூப்பிட்டு விடுவார்கள்' என்றாகிவிட்டது. போன் வைத்திருந்த வீட்டுப் பையன் மாடிப்படியில் ஓடிவந்து "அக்கா, உங்களுக்கு போன்!" என்று கத்துவான். வருகிற காலுக்குக் காசு இல்லை. போகிற காலுக்கு போன் பக்கத்தில் ஒரு டப்பா, நாணயம் போட. இதற்கு இன்னொரு விலையும் இருந்தது. நீங்கள் பேசுவது முழுக்க அந்த வீட்டு ஹாலில் எல்லார் காதிலும் விழும். வேலை கிடைக்காதது, பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாதது, எல்லாம்.

அந்தக் கூச்சத்திலிருந்து விடுதலை கொடுத்தது எஸ்டிடி பூத். 1984-இல் சி-டாட் நிறுவனம் தொடங்கியது, சாம் பிட்ரோடாவின் முயற்சிகள், அதன்பின் தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகை. கண்ணாடிக் கதவு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், கடைசியில் குட்டியாக ஒரு பில். பூத் நடத்தும் உரிமை கொடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது. பல குடும்பங்கள் அதில்தான் நிமிர்ந்தன. இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: பூத்தில் நீங்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. காசு கொடுத்தால் பேசலாம். பெயர் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம். 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பிறகு முளைத்த பிரவுசிங் சென்டர்களும் முதலில் அப்படித்தான் இருந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, ஐவே என்ற பெயரில் நாடு முழுக்க அவற்றை நடத்தியது.

வைஃபை நம்மிடம் வந்தது 2005 வாக்கில். அந்த ஜனவரியில் பிஎஸ்என்எல் தன் பிராட்பேண்டைத் தொடங்கியது, வினாடிக்கு 256 கிலோபிட் வேகத்தில். அதே மாதம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசும் விதியைத் தளர்த்தியது. சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய ரிச்சி தெருவில் ரவுட்டர்கள் குவிய ஆரம்பித்தன.

அப்போதைய பூட்டுக்கு வெப் என்று பெயர். அதன் சாவி மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது இல்லை. நீளமான வகையில் 26 எழுத்து-எண் கலவை: பூஜ்யம் முதல் ஒன்பது, ஏ முதல் எஃப். இதை யார் உட்கார்ந்து அடிப்பது? கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் பூட்டே போடாமல் விட்டுவிட்டுப் போனான், பல வீடுகளில். நஷ்டமும் பெரிதில்லை, அந்தப் பூட்டை உடைக்கும் வழியை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று பேர் 2001-லேயே எழுதிவிட்டார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு நிமிஷத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். பூட்டாத வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் மெயில் பார்த்துக்கொண்டார். யாருக்கும் அது குற்றமாகத் தோன்றவில்லை. பி.பி. நம்பரின் பேரன் மாதிரிதான் அது.

இனி அந்தத் தேதி. 2008 ஜூலை 26, சனிக்கிழமை மாலை. அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் போயிருந்தது. போலீஸ் அந்த மெயிலின் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போனபோது அது நவி மும்பை, சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கும்பலின் மெயில்கள் மும்பையின் வேறு இடங்களில் கிடைத்த வைஃபை வழியாக வந்தன.

இணையத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு முகவரிதான். அந்த வீட்டுக்குள், அந்தச் சுவருக்கு அப்பால், மாடிப்படியில் உட்கார்ந்து யார் பயன்படுத்தினாலும் வெளியே தெரிவது அந்த ஒரே முகவரி. பில் யார் பெயரில் வருகிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். பி.பி. போனில் பேசியவர் யார் என்பது அந்தக் கூடத்துக்கே தெரியும். வைஃபையில் பேசியவர் யார் என்பது வைஃபை வைத்திருப்பவருக்கே தெரியாது. இந்த ஒரு வித்தியாசத்தை நாடு அந்த வருஷம் கசப்பாகக் கற்றுக்கொண்டது.

2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. வீடோ அலுவலகமோ, வைஃபை பூட்டப்பட வேண்டும். பொது இடத்தில் கொடுப்பதாக இருந்தால் ஒன்று, அடையாள அட்டை நகலை வாங்கி ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மொபைலுக்கு எஸ்எம்எஸ்ஸில் லாகின் அனுப்பி, அந்த நம்பரைப் பதிந்து வைக்க வேண்டும். இன்று ஏர்போர்ட்டிலும் ரயில் நிலையத்திலும் காபி ஷாப்பிலும் 'நம்பரைப் போடு, ஓடிபி வரும்' என்று நம்மைப் பழக்கியிருப்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இந்திய சிம் இல்லாத வெளிநாட்டுப் பயணி சென்ட்ரல் ஸ்டேஷனில் இலவச வைஃபையைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்க நேர்ந்ததும் இதனால்தான். 2011-இல் சைபர் கஃபே விதிகள் வந்தன. பிரவுசிங் சென்டரில் நோட்டுப் போட்டு பெயர், முகவரி, நேரம் எழுதி, அடையாள அட்டை காட்டச் சொன்னார்கள். எஸ்டிடி பூத்தின் 'நீ யார் என்று கேட்கமாட்டேன்' என்ற காலம் அத்தோடு முடிந்தது. குண்டு வெடித்த பிறகு அரசு வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் ஓடிபி வந்த பிறகு, முகம் தெரியாத ஒருவருக்கு இணைப்பைக் கொடுப்பது உதவி என்ற கணக்கிலிருந்து வம்பு என்ற கணக்குக்கு மாறிவிட்டது. அந்த மனமாற்றம் இன்னும் நம்மோடு இருக்கிறது.

எல்லாரும் பூட்டிவிட்டார்கள். இப்போது சாவியை வீட்டு ஆட்களுக்குக் கொடுப்பது எப்படி?

தொழில்துறை முதலில் சொன்ன பதில் டபிள்யூபிஎஸ், 2007 வாக்கில் வந்தது. பழைய ரவுட்டர் வீட்டில் இருந்தால் பின்பக்கம் பாருங்கள், ரெண்டு அம்பு வளைந்து சுற்றுகிற மாதிரி ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கிவிட்டு ரெண்டு நிமிஷத்துக்குள் போனில் அமுக்கினால் பாஸ்வேர்ட் இல்லாமலே சேர்ந்துவிடும். நல்ல யோசனை: ரவுட்டரைத் தொடும் தூரத்தில் இருப்பவன் வீட்டு ஆள்தான் என்பது நியாயமான ஊகம். கெடுத்தது அதன் இன்னொரு வழி. பட்டனோடு சேர்த்து ரவுட்டரின் ஸ்டிக்கரில் எட்டு இலக்க பின் நம்பர் ஒன்றையும் கொடுத்தார்கள். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு, யாராலும் ஊகிக்க முடியாது என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்குப் போட்டு வருவது. அதை விடக் கொடுமை, ரவுட்டர் முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகச் சரிபார்த்து 'இது தப்பு' என்று சொல்லிவிடும். ஆக முதல் பாதிக்கு 10,000 வாய்ப்பு, மறுபாதியில் மூன்று இலக்கத்துக்கு 1,000 வாய்ப்பு. மொத்தம் 11,000. பத்துக் கோடி எங்கே, பதினோராயிரம் எங்கே! 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் இதை வெளியிட்டார். சில மணி நேரத்தில் கதவு திறந்துவிடும். உடைக்கிற மென்பொருளும் உடனே இலவசமாக வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 2018-இல், ஒன்பதாம் பதிப்பில், டபிள்யூபிஎஸ்ஸை வழியனுப்பி வைத்தது. பட்டன் மட்டும் ரவுட்டர்களில் இன்னும் இருக்கிறது, பாழடைந்த கோயில் வாசல் மாதிரி.

மைக்ரோசாஃப்ட் வேறு மாதிரி யோசித்தது. முதலில் விண்டோஸ் போனில், பிறகு 2015-இல் விண்டோஸ் 10-இல் 'வைஃபை சென்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நீங்கள் சம்மதித்தால் உங்கள் வைஃபை சாவி மைக்ரோசாஃப்ட் சர்வருக்குப் போகும். உங்கள் ஃபேஸ்புக், ஸ்கைப், அவுட்லுக் நண்பர்கள் உங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் அவர்கள் கருவி தானாகச் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்கு வந்து காபி சாப்பிடுகிற நண்பனும் ஃபேஸ்புக்கில் என்றோ சேர்த்த யாரோ ஒருவரும் ஒன்றா? இதெல்லாம் வேண்டாம் என்கிறவர் தன் வைஃபை பெயரில் அண்டர்ஸ்கோர் போட்டு 'ஆப்ட்அவுட்' என்று சேர்க்க வேண்டுமாம். வேண்டாதவன் தன் வாசலில் போர்டு மாட்ட வேண்டும் என்கிற நியாயம்! அடுத்த வருஷமே இந்த நண்பர் பகிர்வை எடுத்துவிட்டார்கள். யாரும் பயன்படுத்தவில்லை என்பது சொன்ன காரணம்.

ஆப்பிள் 2017-இல், ஐஓஎஸ் 11-இல், இதையே ஊர்க்காரர் புத்தியோடு செய்தது. வந்தவர் தன் ஐபோனில் உங்கள் வைஃபை பெயரைத் தொட்டால், பக்கத்தில் இருக்கும் உங்கள் ஐபோனில் 'இன்னார் கேட்கிறார், கொடுக்கவா?' என்று ஒரு சீட்டு எழும். ரெண்டு போனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், புளூடூத் ஓட வேண்டும், ஒருவர் ஆப்பிள் ஐடி மற்றவர் கான்டாக்டில் இருக்க வேண்டும். நேரில் வந்திருக்க வேண்டும், தெரிந்தவராக இருக்க வேண்டும், நீங்கள் சரி என்று சொல்ல வேண்டும். பி.பி. நம்பர் வீட்டு மாமி வைத்திருந்த அதே மூன்று விதிதான். குறை என்னவென்றால் ரெண்டு பேரும் ஆப்பிள் வாங்கியிருக்க வேண்டும். ரிச்சி தெருப் பக்கம் பத்துப் பேரை நிறுத்திப் பார்த்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நம்மூரில் ஜெயித்தது க்யூஆர். அதன் பிறப்பு புதுப்பேட்டைக்காரர்களுக்குப் பிடிக்கும்: அது கார் உதிரிபாகங்களுக்காகச் செய்யப்பட்டது. டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோவில் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும் 1994-இல் உருவாக்கினார்கள். பார்கோடில் இருபது எழுத்து அடங்கினால் பெரிசு. ஒரு பாகத்துக்குப் பல பார்கோடு ஸ்கேன் பண்ணித் தொழிலாளர்கள் களைத்துப்போனார்கள். கோ என்ற பலகை விளையாட்டின் கறுப்பு வெள்ளைக் காய்களைப் பார்த்து ஹாராவுக்கு யோசனை வந்தது. மூலையில் இருக்கும் மூன்று கட்டங்களைக் கவனித்திருக்கிறீர்களா? நடுவாகக் கோடு போட்டால் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற அளவில் மாறி மாறி வரும். அச்சுப் பிரசுரங்களில் மிக அபூர்வமாக வரும் விகிதம் எது என்று தேடிப் பிடித்தது அது. அதனால்தான் கேமரா குழம்புவதில்லை. கோடின் ஒரு பகுதி அழிந்தாலும், அதிகபட்சம் முப்பது சதவீதம் வரை, மீட்டுப் படிக்க முடியும். சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஈரமும் செதிலும் ஒட்டிய அட்டை வேலை செய்வது இந்தக் கணக்கால்தான். டென்சோ காப்புரிமையை வைத்துக்கொண்டே யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. அந்த ஒரு முடிவு இல்லையென்றால் மிச்சக் கதை எதுவும் இல்லை.

வைஃபைக்கான க்யூஆரில் ரகசியம் எதுவும் கிடையாது, ஒரு வரி எழுத்துதான். முதலில் 'வைஃபை' என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, பிறகு டி என்று போட்டுப் பூட்டின் வகை, எஸ் என்று போட்டுப் பெயர், பி என்று போட்டுப் பாஸ்வேர்ட், நடுவே அரைப்புள்ளிகள். ஜப்பானின் டோகோமோ கம்பெனி விசிட்டிங் கார்டுக்கு வைத்திருந்த முறையைப் பின்பற்றி, 'ஜீப்ரா கிராசிங்' என்ற திறந்த மூல மென்பொருள் குழுவில் எழுதி வைத்த வழக்கம் அது. ஷாவ்மி போன்கள் முந்திக்கொண்டன. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 எல்லாருக்கும் கொடுத்தது. வைஃபை செட்டிங்ஸில் 'ஷேர்' தொட்டு, விரல் ரேகை வைத்தால் கட்டம் வரும். இன்னொரு போனின் கேமராவைக் காட்டினால் வேலை முடிந்தது. ஐபோன் கேமராவும் 2017 முதல் அதைப் படிக்கும். ஆன்ட்டி அங்கிளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மற்ற ஊர்களுக்கு க்யூஆர் புதுசு. நமக்கு அதற்குள் கை பழகிவிட்டது. 2016 நவம்பர் 8 இரவுக்குப் பிறகு பேடிஎம்மும் யுபிஐயும் தள்ளுவண்டி வரை அட்டையைக் கொண்டுபோய் ஒட்டியிருந்தன. கறுப்புக் கட்டத்தைப் பார்த்தால் போனை நீட்டுவது நம் அனிச்சைச் செயல் ஆகிவிட்டது.

ஆனால் இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். கடையில் இருக்கும் பணம் வாங்கும் க்யூஆர் ஒரு முகவரி. அதை யார் போட்டோ எடுத்தாலும் கடைக்காரருக்குப் பணம் மட்டும்தான் வரும். அதன் பக்கத்திலேயே லேமினேட் பண்ணி மாட்டியிருக்கும் வைஃபை க்யூஆர் ஒரு சாவி. அதை ஒரு முறை போட்டோ எடுத்தவர் கையில் சாவி என்றைக்கும் இருக்கும். வாட்ஸப் குரூப்பிலும் போடலாம். ரெண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால் ரெண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறோம். பாஸ்வேர்ட் டைப் பண்ணவில்லை என்பதால் பாஸ்வேர்ட் கொடுக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் கட்டத்துக்குக் கீழேயே பாஸ்வேர்ட் எழுத்தாகவும் தெரியும். ஒருவரை மட்டும் விலக்க வேண்டுமானால் வழி இல்லை. பாஸ்வேர்டை மாற்றினால் வீட்டில் டிவி, லேப்டாப், பாட்டியின் டேப் எல்லாம் வெளியே நிற்கும், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே அழைக்க வேண்டும். அந்தக் களேபரத்துக்குப் பயந்தே ஐந்து வருஷத்துக்கு முன் காலி பண்ணிப்போன மாடி வீட்டுக்காரர் போனில் இன்னும் உங்கள் சாவி இருக்கிறது. 2008-இன் பாடம் இதோடு சேரும்போது விஷயம் விளையாட்டு இல்லை. முகவரி இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று இருக்கும், அதன் க்யூஆரை விருந்தாளிக்குக் கொடுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வீட்டுக் கருவிகளுக்குத் தொந்தரவு இல்லை. செலவில்லாத வேலை, செய்தவர்கள் குறைவு. வைஃபை கூட்டமைப்பு 2018-இல் அறிவித்த 'ஈஸி கனெக்ட்' முறை இதைவிட நல்ல பதில். அதில் க்யூஆர் விருந்தாளியின் பக்கம் இருக்கும். அவர் கருவியின் பொதுச் சாவி அந்தக் கட்டத்தில் இருக்கும், நீங்கள் ஸ்கேன் பண்ணி அந்தக் கருவிக்கு என்று தனிச் சான்று கொடுப்பீர்கள். ஒருவரை விலக்கினால் மற்றவர் பாதிக்கப்படமாட்டார். ஏட்டில் அழகு. நடைமுறையில் ரவுட்டரும் போனும் ரெண்டும் முழுதாக ஆதரிக்க வேண்டும், பெரும்பாலும் பின்னால் கைமாறுவது அதே பழைய பாஸ்வேர்ட்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பூட்டியே வைத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காரணம் 2020. பள்ளிக்கூடம் மூடி, பாடம் போனுக்குள் போன அந்த ஒன்றரை வருஷம். ஒரே போன் உள்ள வீட்டில் அப்பா வேலைக்குப் போனால் போனும் போய்விடும். சாயங்காலம் வந்தால் டேட்டா தீர்ந்திருக்கும். கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. 2021 ஜனவரியில் தமிழக அரசு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளைக்கு 2 ஜிபி கார்டு அறிவித்தது, நான்கு மாதத்துக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இல்லை. சுவர் ஒட்டிய வீடுகளில் அந்த மாதங்களில் 'தம்பிக்கு கிளாஸ் இருக்கு, கொஞ்சம் வைஃபை போட்டு விடுங்களேன்' என்று கேட்டவர்களுக்குக் கொடுத்தவர்களும் உண்டு, 'நெட் ஸ்லோவா இருக்கும்மா' என்று சொன்னவர்களும் உண்டு. தொழில்நுட்பம் ரெண்டு பேருக்கும் ஒரே தூரத்தில்தான் இருந்தது.

எஸ்டிடி பூத்தைத் திரும்பக் கொண்டுவர அரசும் ஒரு முயற்சி செய்திருக்கிறது. 2017-இல் டிராய் அமைப்பு, பிசிஓ மாதிரியே பிடிஓ, அதாவது பப்ளிக் டேட்டா ஆபீஸ், என்று பரிந்துரைத்தது. டீக்கடைக்காரர் ஒரு ரவுட்டர் வாங்கி வைத்து ரெண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க்கு டேட்டா விற்கலாம். சாஷே டேட்டா என்றார்கள். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவுக்குச் செய்ததை இணையத்துக்குச் செய்கிற யோசனை. ஒரு ஆப்பில் ஒரே முறை அடையாளம் காட்டிவிட்டால் நாடு முழுக்க எந்தக் கடையிலும் பாஸ்வேர்ட் இல்லாமல் சேரலாம். கடைக்காரருக்கு லைசென்ஸ் வேண்டாம், கட்டணம் வேண்டாம், யார் பயன்படுத்தினார் என்ற பொறுப்பு ஆப்பின் பக்கம். 2020 டிசம்பர் 9-இல் மத்திய அமைச்சரவை பிஎம்-வாணி என்ற பெயரில் ஒப்புதல் கொடுத்தது. 2022-க்குள் ஒரு கோடி பொது வைஃபை என்பது 2018 தொலைத்தொடர்புக் கொள்கையின் இலக்கு. அந்த எண் எட்டவில்லை.

ஏன்? அதற்குள் ஜியோ வந்துவிட்டது என்பது ஒரு பதில். ரயில் நிலையங்களில் இலவச வைஃபை நடத்திய கூகுளே 2020-இல் டேட்டா மலிந்துவிட்டது என்று சொல்லி விலகிக்கொண்டது. இன்னொரு பதில் டிராய் பின்னால் சொன்னது: இணைய நிறுவனங்கள் பிடிஓ என்றாலே வீட்டுக் கட்டணத்தில் தராமல் விலையுயர்ந்த லீஸ்டு லைன் வாங்கச் சொன்னார்கள். 2025 ஜூனில்தான் டிராய், 200 எம்பிபிஎஸ் வரையான ஃபைபர் இணைப்புக்கு வீட்டு விலையைப் போல் ரெண்டு மடங்குக்கு மேல் பிடிஓவிடம் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டு இணைப்பு மாதம் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கடைக்காரருக்கு 1,200. ஐந்து ரூபாய் கூப்பன் 240 விற்றால் முதல் வந்துவிடும், அதாவது நாளைக்கு எட்டு. சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடையில் எட்டுப் பேர் அஞ்சு நிமிஷத்தில் வந்துபோவார்கள். ஆனால் அந்த எட்டுப் பேர் கையிலும் டேட்டா இருக்கிறது. இல்லாத ஒன்பதாவது ஆள் டீக்கடைக்காரரிடம் ஐந்து ரூபாய் கூப்பன் கேட்பதில்லை, "அண்ணே, ஹாட்ஸ்பாட் கொஞ்சம் ஆன் பண்ணுங்க, ஜிபே பண்ணிடறேன்" என்கிறார். அவரும் பண்ணிவிடுகிறார், யார் என்று கேட்காமல்.